பாதி விலைக்குப் போன இருநூறு பங்கு

என் வீட்டுக்காரருக்குப் பங்குச் சந்தையில் தெரிந்தது ஒரே ஒரு பட்டன்தான். விற்கிற பட்டன். அதைச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லை எடுக்க என்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மயக்க ஊசி என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடியே அவர் போனை வாங்கி, "இந்தா பாருங்க, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த எடத்த அமுக்குங்க. இங்க எத்தன பங்குன்னு போடுங்க. மெசேஜ்ல வார நம்பர அடிங்க. மறுநாளு பணம் பேங்குக்கு வந்துரும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். மனுஷன் கண்ணில் தண்ணீரோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, கல்தான் போனது. அந்தப் பட்டன் மட்டும் அவர் மண்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் சோழவந்தான்காரர்கள். அவர் பெயர் நல்லகாமன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். வைத்திருக்கிறார் என்றால் கொடிதான் அவருடையது. நிலம் குத்தகை. இருபது சென்ட்டில் பாதி இவருக்கு, பாதி கூட்டாளி விருமாண்டிக்கு. என் மாமனார் அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்குக் கொடி கட்டிக் கட்டியே முதுகு வளைந்து போய்ச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அந்த வம்சத்தில் ஒரு பிடி மண்ணுக்குக்கூட யார் பெயரிலும் பட்டா இருந்ததில்லை.

நான் தல்லாகுளத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். தினமும் ஊரான் வீட்டு நிலத்துக்கெல்லாம் நான்கு எல்லை அடிக்கிற வேலை. இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் வாய்க்காலுக்கு வடக்கு என்று விரல் ஓடும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இத்தனை பேர் பெயர் எல்லையாக நிற்கிறதே, என் புருஷன் பெயர் ஒரு மூலையிலாவது நிற்கக் கூடாதா? ஆசை என்று நாகரிகமாகச் சொல்லலாம். வெறி என்பதுதான் உண்மை.

அந்த வெறிக்கு ஒரு வழி பிறந்தது. சென்னையில் இருக்கும் நிலத்துக்காரர் இருபது சென்ட்டையும் விற்றுவிடப் போவதாகவும், குத்தகைக்காரர்களுக்கே முதல் உரிமை என்றும் சொல்லிவிட்டார். ஆளுக்குப் பத்து சென்ட், ஆளுக்கு மூன்றரை லட்சம். விருமாண்டி தங்கச்சி நகையையும் மாட்டையும் வைத்துப் புரட்டிவிட்டார். ஆடியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் பதிவு என்று முடிவானது. எங்கள் மூன்றரை லட்சம் எங்கே இருந்தது என்றால், என் பங்கில் இருந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துக் கதவு ஆடிட்டர் ஆபீஸ். அங்கே வேலை பார்க்கிற நுஸைபா, காஜிமார் தெருப் பெண், மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பங்கு போட்டுக்கொள்கிறவள். அவள்தான் பங்கு வாங்கக் கற்றுக்கொடுத்தாள். என் பெயரில் கணக்குத் திறக்கலாமென்று போனால் பான் கார்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் புருஷன் இனிஷியல். இதைத் திருத்த அங்கே போ, அதைத் திருத்த இங்கே போ என்று அலையவிட்டார்கள். போங்கடா என்று அவர் பெயரில் திறந்துவிட்டேன். பெயர் அவருடையது, போன் அவருடையது, காசு என்னுடையது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போனை வாங்கிப் பார்ப்பேன். அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பம்பு மோட்டார் செய்கிற ஒரு கம்பெனி. அதை ஏன் எடுத்தேன் என்றால், எங்கள் கொடிக்கால் மோட்டார் அவர்கள் செய்தது, ஒரு தடவைகூடப் புகைந்ததில்லை. என் ஆராய்ச்சி அவ்வளவுதான். சீட்டுப் பணம் வந்தபோது முந்நூறு ரூபாய் விலையில் ஐம்பது பங்கு வாங்கினேன். பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐந்நூறு ரூபாய் விலையில் நூற்றைம்பது பங்கு. முந்நூறும் ஐந்நூறும் எண்ணூறு, அதில் பாதி நானூறு, ஆகவே என் சராசரி விலை நானூறு என்று நுஸைபாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவளுக்குப் புரையேறிவிட்டது.

"யா அல்லா, என்னக்கா கணக்கு இது? முந்நூறுக்கு வாங்குனது அம்பதுதானே? ஐநூறுக்கு வாங்குனது நூத்தம்பது. ரெண்டையும் சமமா வச்சா எப்படி? மொத்தம் போட்ட காசு எம்புட்டு, அதச் சொல்லுங்க."

பதினைந்தாயிரமும் எழுபத்தைந்தாயிரமும் தொண்ணூறாயிரம். இருநூறு பங்கால் வகுத்தால் நானூற்று ஐம்பது. விலை அதற்கு மேலே நின்றால் லாபம், கீழே போனால் நஷ்டம், அந்த நானூற்று ஐம்பதுதான் என் கோடு. வீட்டுக்கு வந்து இதை அவரிடம் ஆரம்பித்தேன். வெற்றிலையை அடுக்கிக்கொண்டே, "முப்பது ரூவா வெலைக்கு ஒரு கவுளி, அம்பது ரூவா வெலைக்கு மூணு கவுளின்னா ஒரு கவுளி நாப்பத்தஞ்சு விழுகுது. இதுக்காடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார். கவுளி என்றால் நூறு வெற்றிலைக் கட்டு. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டது.

வருடத்துக்கு ஒரு முறை பங்குக்கு ஒன்பது ரூபாய் ஈவுத்தொகை தருவார்கள், இருநூறு பங்குக்கு ஆயிரத்து எண்ணூறு. நான் போட்ட காசுக்கு அது இரண்டு சதவீதம். இன்றைய விலைக்குப் பார்த்தால் அரை சதவீதம்தான் என்பாள் நுஸைபா. நான் என்ன இன்றைய விலைக்கா வாங்கினேன் என்று அவளிடம் மல்லுக்கு நிற்பேன். இரண்டு பேரும் சண்டை போட்டு டீயை ஆறவிடுவோம்.

இறக்கக் கணக்கைத்தான் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். ஒரு சமயம் சந்தை சரிந்தபோது புலம்பினேன். "நூறு ரூவா அம்பதானா அம்பது சதவீதம் எறக்கம். ஆனா அது திரும்ப நூறாகணும்னா அம்பது சதவீதம் ஏறினாப் பத்தாதுங்க, நூறு சதவீதம் ஏறணும்." அவர் கையில் இருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். "விழுறது சுளுவு, எந்திரிக்கிறதுதான் பாடுன்னு சொல்லு" என்று முனகினார். மற்றக் கணக்கையெல்லாம் மறந்தாலும் அவர் இந்தக் கணக்கை மறக்கவே இல்லை.

நல்ல காலம், சந்தை எழுந்தது. என் பங்கு எங்கெங்கோ ஏறி ஆயிரத்து எண்ணூறில் வந்து நின்றது. இருநூறு பங்கு, மூன்று லட்சத்து அறுபதாயிரம். நிலத்துக்கு மூன்றரை, பத்தாயிரம் மிச்சம். பதிவுச் செலவுக்கு வெற்றிலைக் காசு இருக்கவே இருக்கிறது. ஆடி முடிகிறவரை அதைத் தொட வேண்டாம் என்று விட்டுவைத்தேன்.

அப்போதுதான் கம்பெனி போனஸ் அறிவித்தது. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு பங்கு சும்மா. சும்மா என்றதும் நான் துள்ளினேன். நுஸைபா தன் டிபன் டப்பாவிலிருந்த வடையை எடுத்து இரண்டாகப் பிட்டு என் தட்டில் வைத்தாள். "இப்ப ரெண்டு வடையாயிருச்சா? அம்புட்டுத்தான்கா போனஸு. பங்கு ரெண்டாகும், வெல பாதியாகும். ஆயிரத்தி எண்ணூறு அன்னைக்குக் காலைல தொள்ளாயிரமா நிக்கும். பயந்துறாதீங்க."

நான் பயப்படவில்லை. சராசரி விலையும் பாதியாகி இருநூற்று இருபத்தைந்து ஆகும், ஒன்பது ரூபாய் ஈவு நாலரையாகும், எல்லாம் சரிக்குச் சரி என்று எனக்குப் புரிந்துபோனது. ஆனாலும் போனில் இருநூறு என்பது நானூறு என்று மாறுமே! அதை அவரிடம் முதலில் காட்ட வேண்டும், மனுஷன் வாயைப் பிளக்க வேண்டும், அப்புறம்தான் வடைக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று சின்னப்பிள்ளைபோல ஆசைப்பட்டேன். அதனால் மூச்சு விடவில்லை. நான் உண்மையிலேயே பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான்.

அது ஓர் ஆடிச் செவ்வாய். ஆடி மாதம் பத்திர ஆபீஸில் ஈ ஓட்டுகிற மாதம். மத்தியானம் நான் மேசையில் தலைசாய்த்திருந்தபோது விருமாண்டியின் பெண்டாட்டி தங்கப்பொண்ணு போன் போட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, எங்க இருக்கீக?"

"ஆபீஸ்லதான். என்னடி, ஏன் குசுகுசுன்னு பேசுற?"

"மாமா இங்க வந்தாகக்கா. மொகமே சரியில்ல. எம் பத்து சென்ட்டையும் நீயே கிரயம் பண்ணிக்க விருமாண்டி, எனக்கு நெலம் வேணாம், கொடிக்கு மட்டும் ஒரு வெலையப் போட்டுக் குடுங்கிறாக. என்ன ஏதுன்னு கேட்டா வாயே தெறக்கல. இப்பமே வெத்தல மாத்திக்கிருவோம்னு இவுகளக் கையப் பிடிச்சுக் கொடிக்காலுக்கு இழுத்துக்கிட்டுப் போயிட்டாக. ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வெற்றிலை மாற்றுவது எங்கள் கொடிக்கால்காரர்களிடம் சாதாரணக் காரியம் இல்லை. கொடுக்கிறவர் தன் கொடியில் கிள்ளிய வெற்றிலையைக் கொடுப்பார். வாங்குகிறவர் அந்த இடத்திலேயே மெல்லுவார். மென்றுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு எந்தப் பஞ்சாயத்தும் அதை மாற்றாது, மாற்றியவன் வெற்றிலையை ஊரில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். நான் எத்தனையோ ரத்துப் பத்திரம் அடித்திருக்கிறேன். மென்ற வெற்றிலைக்கு ரத்துப் பத்திரம் கிடையாது.

அவருக்குப் போட்டால் போன் அணைந்து கிடந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்த மனுஷனுக்கு என்ன பேய் பிடித்தது? குடிக்கிற ஆள் இல்லை, சீட்டு ஆடுகிற ஆள் இல்லை, ராப்பகலாக அந்த நிலத்தைப் பற்றியேதானே பேசிக்கொண்டிருந்தார்? காளவாசல் சிக்னலில் நின்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. இன்றைக்குத்தானே விலை பாதியாகிற நாள்! போனைப் பார்த்துவிட்டார். நம் காசில் பாதி போய்விட்டது என்று நினைத்துவிட்டார். "அட கூறுகெட்ட மனுஷா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர், "என்னயவா சொல்லுற?" என்று சண்டைக்கு வந்தார். விளக்கு பச்சையானதால் தப்பித்தேன்.

கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. கொடிக்கால் வரப்பில் ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினேன். அகத்தி மரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழுது கண் வீங்கிக் கிடக்கிறது. அந்த நிலையிலும் மனுஷன் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பக் கழட்டிட்டு வா" என்பது. கொடிக்காலுக்குள் செருப்போடு வரக்கூடாது. திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தேன்.

விருமாண்டி சற்றுத் தள்ளி மோட்டார் மேடையில் உட்கார்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து படுக்கிறவரை வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்திராத ஆள். மதினி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, உதட்டை இறுக மூடித் தலையை மட்டும் அசைத்தார். மென்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். என் பத்து சென்ட் அவர் வாய்க்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வெல பாதியானதப் பாத்துட்டீகளாக்கும்? ஒரு போனப் போட்டு எங்கிட்டக் கேக்க மாட்டீகளா?" என்றேன். "அது போனஸுக்காக எறங்குனது. காசு எங்கயும் போகல."

அவர் முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் வெளுத்துப்போனது.

"நான் வித்துட்டேனே, வாணி."

"எத?"

"பங்கத்தான். மண்டியில ஏலத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். போனு சத்தம் குடுத்துச்சு. பாத்தா ஆயிரத்தி எண்ணூறு தொள்ளாயிரமாக் கெடக்கு, எல்லாம் செவப்பு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. நீதான சொல்லுவ, பாதி விழுந்தா மறுபடி ரெட்டிப்பா ஏறணும்னு? ஆவணிக்குள்ள ரெட்டிப்பா ஏறுமா? வெத்தல வெல சரிஞ்சா வெயிலுக்கு முந்தித் தள்ளிவிடு, பொழுது ஏற ஏற அழுகல் வெலதான்னு எங்கய்யா சொல்லுவாரு. மிச்சப் பாதியாச்சும் ஒனக்குத் தங்கட்டும்னு தள்ளிட்டேன்."

"அம்புட்டையுமா?"

"அம்புட்டையும்."

இருநூறு பங்கு, தொள்ளாயிரம் ரூபாய்க்கு. ஒரு லட்சத்து எண்பதாயிரம். கையில் பங்கே இல்லாதவனுக்கு எவன் போனஸ் கொடுப்பான்? ஒரு பங்கும் இல்லை, அதற்கு வர வேண்டிய இன்னொரு பங்கும் இல்லை என்றுதான் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வெற்றிலை வியாபாரமும் பங்கு வியாபாரமும் ஒன்றா, பங்கு என்ன ராத்திரியில் அழுகிப் போகிற பொருளா, உங்களுக்குப் பட்டனைக் காட்டிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் பேசினார்.

"வையி. நல்லா வையி. எம் பேருல இருந்தா எங் காசாயிருமா, வாணி? நீ வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த காசு. ஒரு நல்ல சேல எடுக்காம சேத்த காசு. எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒனக்குப் போன் போட? எங்கிட்ட இருக்குறது இந்தக் கொடி ஒண்ணுதான். இத விருமாண்டிக்கு விட்டுட்டா வார காசு, மிச்சத்துக்குக் கூலிக்குப் போறேன், ஒனக்கு மொதல்ல ஒங் காசக் குடுத்துரணும்னு நெனச்சேன். நெலம் நமக்கு எழுதல, விடு. எங்கய்யாவுக்கும் எழுதல."

இந்த ஆள் தனக்காக ஒன்றும் செய்யவில்லை. தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொண்டுபோய் என் கணக்கை நேர் பண்ணப் பார்த்திருக்கிறார். நான் பேசியதற்கெல்லாம் என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியே மண்ணில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையோடே நுஸைபாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அழாதீங்கக்கா, முதல்ல இதக் கேளுங்க" என்றாள். "மச்சான் இன்னைக்குத்தானே வித்தாக?"

"இன்னைக்குக் காலைலதான்."

"அப்ப என்னத்துக்கு அழுகுறீங்க? நேத்துச் சாயங்காலம் சந்தை மூடுறப்ப யாருகிட்ட இருந்துச்சோ அவுகளுக்குத்தான் போனஸ். இன்னைக்கு வித்தா, வாங்குனவனுக்குப் பழைய பங்கு மட்டும்தான் போகும், போனஸ் போகாது. அதனாலதானே அவனும் பாதி வெல குடுத்து வாங்குறான்? மச்சான் வித்தது அரை வடை. இன்னொரு அரை வடை நாளைக்கோ மறுநாளோ தானா வந்து சேரும். அல்லா மேல ஆணையா மச்சான் ஒண்ணும் தொலைக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு வடை புரியவில்லை. கொடியிலிருந்து வெற்றிலையைக் கிள்ளப் போனேன், கிள்ளாமல் கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் கொடி யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க பாருங்க. ஒரு கவுளி நூறு வெத்தல, ஆயிரத்தி எண்ணூறு ரூவான்னு வச்சுக்கிருங்க. அதப் பிரிச்சு அம்பது அம்பதா ரெண்டு கட்டாக் கட்டிப்புட்டா ஒரு கட்டு என்ன வெல போகும்?"

"தொள்ளாயிரம்."

"வெத்தல கொறஞ்சிருச்சா?"

"அதெப்படிக் கொறையும்?"

"கம்பெனிக்காரன் இன்னைக்கு அதத்தான் செஞ்சான். நீங்க ஒரு கட்ட வித்தீக. இன்னொரு கட்டு இன்னும் வந்து சேரல, வழியில இருக்கு."

அவர் விரலை மடக்கி எண்ணினார். உதடு அசைந்தது. "அப்ப நாளைக்கு ஒன்னு எம்பது பேங்குல வரும். பெறகு இருநூறு பங்கு வரும். அது தொள்ளாயிரம்னா இன்னொரு ஒன்னு எம்பது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூணு அறுபது. அப்பிடியே இருக்கு, வாணி!"

"அப்பிடியேதான் இருக்கு."

"நான் தொலைக்கலையா?"

"இல்லங்க. ஒரு பைசா தொலைக்கல."

அவர் ஒரு கணம் சிரித்தார். வந்த சிரிப்பு பாதியில் நின்றுபோனது. மெதுவாகத் தலையைத் திருப்பி மோட்டார் மேடையைப் பார்த்தார். "ஆனா வெத்தல மாத்திட்டேனே" என்றார்.

காசு அப்படியே இருக்கிறது, நிலம்தான் இல்லை. நான் விருமாண்டியைப் பார்த்தேன். என்ன கேட்பது? எந்த வாயால் கேட்பது? அவருக்கும் ஆசை இருக்காதா? ஒரே நிலமாக இருபது சென்ட், நடுவில் வரப்பு இல்லாமல். வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடு என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மகா கேவலம். கேட்டுவிடலாம் என்று துணிந்து, "தம்பி" என்று கூப்பிட்டேன்.

விருமாண்டி எழுந்து வந்தார். வேட்டி மடிப்பை அவிழ்த்து இரண்டு வெற்றிலையையும் ஒரு பாக்கையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். இடுப்புச் சூட்டில் வெற்றிலை வாடித் துவண்டு கிடந்தது.

"அண்ணே குடுத்தாரு, வாங்கினேன். மெல்லல" என்றார்.

நான் அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். எப்போதும் சிவந்திருக்கும் உதடு காய்ந்து வெளிறிப்போயிருந்தது.

"ஆச இல்லாமலா, மதினி? பத்து சென்ட்டு வலிய வருதுன்னா எவனுக்கு ஆச இருக்காது? கடன ஒடன வாங்கியாச்சும் பெரட்டிருப்பேன். அதான் வாயத் தெறக்காம ஒக்காந்திருந்தேன். ஆனா அண்ணே மொகத்தப் பாத்தா இது யாவாரம் பேசுற மொகமாத் தெரியல. தங்கப்பொண்ணுகிட்ட அக்காவுக்கு ஒரு போனப் போடுன்னு கண்ணக் காட்டிட்டுத்தான் வந்தேன். நீங்க வந்து சரின்னு சொன்னா மெல்லுவோம், இல்லன்னா குடுத்துருவோம்னு மடியில வச்சுக்கிட்டேன்." எச்சிலை விழுங்கிக்கொண்டார். "எங்கிட்ட இருந்த வெத்தலையக்கூட வாயில வைக்கல. வச்சா, எந்த வெத்தலைய மென்னான்னு யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள கிறுகிறுன்னு வருது. சீக்கிரம் ஒரு முடிவச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் அந்த வாடிய வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினார். சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். விருமாண்டி மட்டும், "அழுகையப் பெறகு வச்சுக்கிருங்க, மொதல்ல எனக்கு ஒரு வெத்தல குடுங்கப்பா" என்றார். இவர் கொடியில் கொழுந்து வெற்றிலையாகப் பார்த்துக் கிள்ளி, வேட்டியில் துடைத்து, சுண்ணாம்பு தடவிக் கொடுத்தார். "இது சும்மா. இதுக்குப் பேச்சு ஒண்ணும் கெடையாது" என்றார். விருமாண்டி கண்ணை மூடிக்கொண்டு மென்றார். போனில் இன்னும் நுஸைபா இருந்தது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. "அக்கா, என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று அது மண்ணில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

சொன்னபடியே பங்கு வந்து சேர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் திறந்து அவரிடம் காட்டினேன். நானூறு என்று காட்ட ஆசைப்பட்ட இடத்தில் இருநூறுதான் நின்றது, ஆனாலும் மனுஷன் வாயைப் பிளந்தார். ஆவணி பிறக்கிறதுக்கு முன்னால் அதையும் விற்றோம். அவரையேதான் அமுக்கச் சொன்னேன். வாங்குகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று இதுவரை சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பத்திரம் இரண்டையும் நானே அடித்தேன். என் புருஷன் பத்திரத்தை அடிக்கும்போது ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை, எத்தனையோ வருடமாக மனதுக்குள் அடித்துப் பழகியதுதானே. அதை முடித்துவிட்டு விருமாண்டியின் பத்திரத்துக்கு வந்தேன். நான்கு எல்லை. கிழக்கும் மேற்கும் வாய்க்காலும் வரப்பும். அடுத்த எல்லையை அடிக்கப் போனபோது எனக்கு எழுத்து தெரியவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்: நல்லகாமன் நிலத்துக்கு வடக்கு.